அயல்நாட்டு விடுமுறையும் உள்ளூர்க்காரர் வாக்கும்: நியூசிலாந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நெடுந்தூர விடுமுறை திட்டமிடல், பயணம், படம் காட்டல் என்னும் முப்பருவங்களை உடையது. நடுப்பருவம் பத்துப் பதினைந்து நாளில் முடிந்துவிடும். முதற்பருவம் ஓராண்டு வரை நீளும். மூன்றாம் பருவத்துக்கு முடிவு இருப்பதாகத் தெரியவில்லை. பயண நூல்கள் நடுப்பருவத்தை மட்டுமே பாடிவைத்திருக்கின்றன. முதற்பருவத்தின் உயிர்நாடியாகிய 'உள்ளூர்க்காரரைக் கேட்டல்' எவராலும் முறையாக ஆராயப்படவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களமாக நியூசிலாந்து கொள்ளப்படுகிறது. சென்னைக்கும் ஆக்லாந்துக்கும் இடையே வான்வழியில் 11,000 கி.மீ.க்கு மேல். நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ இறங்கி மாறியாக வேண்டும். இவ்வளவு செலவழித்தபின் இன்னொரு முறை போவது நடக்கிற காரியமல்ல என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே நாடு முழுவதையும் ஒரே மூச்சில் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்ற வேகம் பிறக்கிறது. கேள்விகள் அனைத்தும் இந்த வேகத்திலிருந்தே எழுகின்றன.

கேட்கப்படுவோர் மூவகையினர். மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர் முதல்வகை. இவர் பெரும்பாலும் யாரோ ஒருவரின் அலுவலக நண்பராகவே கிடைப்பார். குடியேறியவர் இரண்டாம் வகை; சித்தப்பா மகன், கொழுந்தனார், கல்லூரித் தோழியின் கணவர் எனப் பல வடிவங்களில் ஆக்லாந்திலோ வெலிங்டனிலோ இருப்பார். மூன்றாம் வகையினர் ஒருமுறை பத்து நாள் போய்வந்தவர். இவர் உள்ளூர்க்காரர் அல்லர். ஆனால் அடுத்த தெருவிலேயே இருப்பதால் அப்படி எண்ணப்படுகிறார். இம்மூவரிடையே ஒரு நிலையான தொடர்பு காணப்படுகிறது: அந்நாட்டில் வாழ்ந்த காலம் கூடக்கூடப் பேச்சில் உறுதி குறையும். தலைமுறை தலைமுறையாகத் தென்தீவில் இருப்பவர் எதைக் கேட்டாலும் "அது அன்றைய வானிலையைப் பொறுத்தது" என்பார். பன்னிரண்டு ஆண்டு இருப்பவர் "வாங்க, பாத்துக்கலாம்" என்பார். பத்து நாள் போய்வந்தவர் மட்டுமே, "ஏழு மணிக்குக் கிளம்புனா ஒரே நாள்ல மூணு எடம் முடிச்சிரலாம் சார், முன்பதிவெல்லாம் எதுக்கு?" என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்வார். அவர் போனது கூட்டமே இல்லாத மே மாதத்தில் என்பது பின்னால்தான் தெரியவரும். குடும்பம் இவருடைய சொல்லையே பெரிதும் ஏற்கிறது. மற்ற இருவரிடமும் விடை இல்லை, இவரிடம் இருக்கிறது என்பதே காரணம்.

கருத்து வேற்றுமையின் முதற்களம் தொலைவு. திட்டமிடுபவர் வரைபடத்தில் விரலை வைத்து அளக்கிறார்; அங்குள்ளவர் மணிக்கணக்கில் அளக்கிறார். தென்தீவிலுள்ள குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு சவுண்ட் என்னும் கடற்கழி நேர்கோட்டில் சுமார் 70 கி.மீ.தான். நடுவில் மலைத்தொடர் குறுக்கிடுவதால் சாலை தெற்கே இறங்கி, தே அனாவ் என்னும் சிற்றூரைச் சுற்றிக்கொண்டு மறுபடி வடக்கே ஏறி, ஏறத்தாழ 290 கி.மீ. ஆகிவிடுகிறது. ஒருவழிக்கே நான்கு மணிநேரம் பிடிக்கும். கடைசிக் கட்டத்தில் 1.2 கி.மீ. நீளமுள்ள ஹோமர் சுரங்கம் இருக்கிறது. கோடையில் விளக்கு வைத்து இந்தப் பக்கத்து வண்டிகளையும் அந்தப் பக்கத்து வண்டிகளையும் மாற்றி மாற்றி விடுவார்கள். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயம் வந்தால் சாலையையே மூடிவிடுவதும் உண்டு. வழியெங்கும் ஒற்றைவழிப் பாலங்கள்; யார் முதலில் போவது என்று அம்புக்குறி சொல்லும்.

இதையெல்லாம் அறிந்த உள்ளூர்க்காரர் "தே அனாவ்வில் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்" என்கிறார். உள்ளூர் அறிவுரைகளில் இதைவிடச் சிறந்தது இல்லை எனலாம். இதைவிட அதிகமாக மறுக்கப்படுவதும் இல்லை. சென்னையிலிருந்து திருச்சிக்கு 330 கி.மீ.; காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பழகிய மனத்துக்கு, 290 கி.மீ.க்கு நடுவே படுக்கை போடுவது சோம்பேறித்தனமாகப் படுகிறது. விளைவாக எக்செல் தாளில் "காலை மில்ஃபோர்டு, மாலை கிறைஸ்ட்சர்ச்" என்று ஒரு வரி உருவாகிறது. குயின்ஸ்டவுனிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு மேலும் ஆறு மணிநேரம் ஆகும் என்பதை எக்செல் சொல்வதில்லை.

இரண்டாம் களம் பருவகாலம். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும் வரை அந்நாட்டுப் பள்ளிகளுக்கே விடுமுறை என்பதால் அறை கிடைக்காது. கிடைத்தாலும் விலை எட்டாது. எனவே பிறந்து வளர்ந்தவர் ஒருமனதாகச் சொல்வது பிப்ரவரி பின்பாதி, மார்ச்சு. வெயிலும் உண்டு, கூட்டமும் இல்லை. இந்தப் பரிந்துரையில் குறை ஒன்றே: தமிழ்நாட்டில் மார்ச்சு என்பது ஒரு மாதமல்ல, தேர்வு. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இந்த அறிவுரையை வாய்விட்டுப் படிக்கக்கூட முடியாது. மே மாதமோ அங்கே இலையுதிர்காலத்தின் வால். பனிச்சறுக்குத் தளங்கள் ஜூனில்தான் திறக்கும், கோடை போய் வெகுநாளாகியிருக்கும், மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். இருதரப்பும் ஒத்துப்போகக்கூடிய ஒரே காலம் ஏப்ரல் பின்பாதி. குயின்ஸ்டவுனுக்கு அருகிலுள்ள ஆரோடவுனில் அப்போது மரங்கள் மஞ்சளும் செம்பொன்னுமாக நிற்கும். இந்த உடன்பாட்டை எட்ட வாட்ஸ்அப் குழுவில் வழக்கமாக இரண்டு மாதம் ஆகிறது.

மழை பற்றிய அறிவுரை தனிக்கவனத்துக்கு உரியது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, மில்ஃபோர்டு சவுண்டில் 6,000 மி.மீ.க்கும் மேல். அங்குள்ளவர் "மழை பெய்தால்தான் அதிர்ஷ்டம்" என்பார். ஆறுதல் சொல்லுகிறார் என்றே வந்தவர் எண்ணுவார். ஆனால் இது உண்மை. அங்கே ஆண்டு முழுதும் விழும் பெரிய அருவிகள் இரண்டே. மழை கொட்டும்போது செங்குத்துப் பாறைகளில் நூற்றுக்கணக்கில் தற்காலிக அருவிகள் இறங்கும். உள்ளூர்க்காரர் உண்மையைச் சொல்லும்போது அது சமாதானம் போலவும், சமாதானம் சொல்லும்போது அது உண்மை போலவும் ஒலிப்பது இத்துறையின் தீராத சிக்கல்.

இனி, சொல்லாமல் விடப்படுபவை. தினமும் கூட இருக்கும் தொல்லை செய்தியாகாது என்பதால் உள்ளூர்க்காரர் அதைக் குறிப்பிடுவதில்லை. இதனை விடுபடல் விதி எனலாம். தலையாய சான்று சாண்ட்ஃபிளை என்னும் கறுப்புச் சிற்றீ. தென்தீவின் மேற்குக் கரையில் நின்று படம் எடுக்க முயன்றவர் கணுக்கால் இதை மறக்காது. 1773-இல் அதே கரையின் டஸ்கி சவுண்டில் கப்பலை நிறுத்திய கேப்டன் குக், இந்த ஈக்கள் படுத்திய பாட்டைத் தம் குறிப்பேட்டில் பதிந்துவைத்தார். மாவோரி மரபுக் கதையோ இன்னும் ஒருபடி மேலே போகிறது: இவ்வளவு அழகான இடத்தைக் கண்டால் மனிதர்கள் திரும்பிப் போகமாட்டார்கள் என்று அஞ்சிய ஹினே-நுயி-தே-போ என்னும் தெய்வம் இந்த ஈக்களை அங்கே அவிழ்த்துவிட்டதாம். தங்கும் நாளைக் குறைப்பதற்கென்றே ஒரு தெய்வம் நியமித்த ஏற்பாடு இருந்தும், அறிவுரைகளில் அது வருவதே இல்லை. முதல் கடிக்குப் பிறகு கேட்டால், "ஆமா, அது இருக்கும்" என்பார்கள். சுரங்க வாசலில் காத்திருக்கும் கார்களின் ரப்பர் விளிம்பைக் கொத்தி உரிக்கும் கேயா என்ற மலைக்கிளியும் இந்த விதிக்குள்ளேயே அடங்கும்.

மூட்டை முடிச்சு பற்றிய அறிவுரை இரண்டாம் வகையினரின் தனியுரிமை. இதில் தன்னலம் கலந்திருப்பதை ஆய்வாளர் கணக்கில் கொள்ள வேண்டும். "ஒண்ணும் கொண்டு வர வேணாம் அத்தை, இங்க எல்லாமே கிடைக்குது" என்பது தொடக்கவாக்கியம். அது உண்மையே, ஆக்லாந்தின் சாண்ட்ரிங்கம் கடைத்தெருவில் இட்லி அரிசிக்கும் உளுந்துக்கும் பஞ்சமில்லை. சிறு மௌனத்துக்குப் பின் இரண்டாம் வாக்கியம் வரும்: "நம்ம வீட்டு மிளகாய்ப்பொடி மட்டும் ஒரு கிலோ. முடிஞ்சா கொஞ்சம் மாவடு." இவ்விடத்தில் அந்நாட்டு அரசாங்கத்தின் கருத்தும் கேட்கத்தக்கது. உணவுப்பொருள் எதுவாயினும் விமான நிலையத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் பொருள் போனாலும் போகுமே தவிர அபராதம் இல்லை; மறைத்துச் சிக்கினால் நின்ற இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர். தேன் அடியோடு தடை. பச்சைக் கறிவேப்பிலையை நினைத்தும் பார்க்கக்கூடாது. செருப்படியில் ஒட்டிய மண்ணைக்கூடப் பார்ப்பார்கள். மூன்றாம் வகையினர் இது பற்றி "ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று கூறுவது முற்றிலும் புறக்கணிக்கத்தக்கது.

எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கே உள்ளூர்க்காரர் மிகவும் தடுமாறுகிறார். தமிழ்ப் பயணிக்கு இங்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. வட தீவின் வடபகுதியில் 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். அது விளிம்பு உடைந்த கப்பல் மணி. அதன்மேல் தமிழ் எழுத்துகள். முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்ற பொருளில் அது வாசிக்கப்படுகிறது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில் ஊகங்கள் பல, முடிவு இல்லை. விசாவோ முன்பதிவோ இன்றிப் போன அந்தப் பொருளுக்கு என்ன பயன் என்பதை உள்ளூர்க்காரரே தீர்மானித்தார்கள் என்பதுதான் இவ்வாய்வுக்கு வேண்டிய செய்தி. மணி இப்போது வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் உடைமை. காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. வெலிங்டனிலேயே வேலை பார்க்கும் கொழுந்தனாரைக் கேட்டுப் பயனில்லை. அப்படியொரு மணி இருப்பதையே அவர் விருந்தாளிகளிடமிருந்து அறிவார்.

இவ்வாறு திரண்ட அறிவுரைகள் திட்டத்தை எப்படி மாற்றுகின்றன? கூட்டுகின்றன, கழிப்பதில்லை. "இரண்டு தீவில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்" என்று பிறந்து வளர்ந்தவர் சொன்னால், அதற்குப் பதிலாக வெலிங்டன்–பிக்டன் படகுப் பயணம் மூன்றரை மணிநேரம் என்பது தாளில் சேர்க்கப்படுகிறது. எவர் சொன்ன இடமும் நீக்கப்படாது. நீக்கினால் சொன்னவர் வருத்தப்படுவார். நாள்கள் பத்தாகவே நிற்க, இடங்கள் இருபதைத் தாண்டும்.

எஞ்சியிருப்பது குடியேறியவரின் அறிவு எங்கிருந்து வருகிறது என்ற வினா. ஹாபிட்டன் படப்பிடிப்புத் தளத்தையும் வைட்டோமோ மின்மினிக் குகையையும் அவர் முதன்முதலில் பார்த்ததே மாமனார் மாமியார் வந்தபோதுதான். பிறகு தம்பி குடும்பம், அதன்பின் மனைவியின் தோழிகள் என ஆண்டுதோறும் அதே இடங்கள். ஒரு கட்டத்துக்குமேல் அவர் தமக்கு நுழைவுச்சீட்டு வாங்குவதை நிறுத்திவிட்டு, மற்றவர்களை உள்ளே அனுப்பிக் காரில் உட்கார்ந்துகொள்கிறார். ஆகவே வண்டியை எங்கே நிறுத்தலாம், கழிப்பறை எந்தப் பக்கம், பெட்ரோலை எந்த ஊரிலேயே நிரப்பிவிட வேண்டும் என்பனவற்றில் அவர் வாக்கை ஐயமின்றி ஏற்கலாம். மில்ஃபோர்டுக்குப் போவோர் தே அனாவ்விலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.