பலகை தட்டும் பெரியப்பா

செருப்பைக் கழற்றும்போதே பெரியப்பாவின் வலது கை நடுவிரல் மடங்கிவிடும். புது வீடு பார்க்க வந்தவர்கள் பால்கனியை எட்டிப் பார்ப்பார்கள், பூஜையறையைப் பார்ப்பார்கள், அவசரக்காரர்கள் பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள். பெரியப்பா யாரையும் கேட்காமல் நேரே அடுக்களைக்குப் போய்விடுவார். உங்கள் வீட்டில் அவர் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ, மூன்றாவது மாடி ரிட்டயர்டு இன்ஜினியராகவோ இருக்கலாம். எங்களுக்குப் பெரியப்பாவாக வாய்த்திருக்கிறார்.

தட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேல் ஷட்டர். மிருதங்க வித்வான் சுருதி சேர்ப்பதுபோல் காதைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, நாலு மூலையிலும் ஒவ்வொரு தட்டு. டொக் என்று கெட்டியாகக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். குறை கிடைக்கவில்லையே என்ற வருத்தம். டொப் என்று கேட்டுவிட்டால் முகம் மலர்ந்துவிடும். அப்புறம் பக்கவாட்டுப் பலகை, அப்புறம் டிராயரின் அடிப்பாகம். கடைசியில் சிங்க்குக்குக் கீழே. தனி ஆவர்த்தனம் அங்கேதான்.

கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக்கூட ஆள் கூப்பிடுகிற மனிதர், சிங்க்குக்கு முன்னால் மட்டும் வேட்டியை மடித்துக்கொண்டு சடாரென்று குந்தி உட்கார்ந்துவிடுவார். குப்பைக்கூடையையும் பினாயில் பாட்டிலையும் ஓரங்கட்டி, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, அடிப்பலகையின் பின்விளிம்பைத் தடவுவார். வருகிற தீர்ப்பு இரண்டில் ஒன்று. “ஊறியிருக்கு.” இல்லாவிட்டால், “ஊறும்.”

எழுந்து கையை உதறிவிட்டு வீட்டுக்காரரைப் பார்ப்பார். “710ஆ, 303ஆ?”

ஏதோ ஃப்ளாட் நம்பர் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்காரர் “4பி” என்பார்.

அவ்வளவுதான், வகுப்பு ஆரம்பம். பிளைவுட்டுக்கு ஐஎஸ் 303 என்று ஒரு தரம். ஐஎஸ் 710 என்று ஒரு தரம். பின்னது மெரைன் பிளை. கொதிக்கிற தண்ணீரில் 72 மணி நேரம் போட்டு எடுத்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதற்கு வைத்திருக்கும் பரீட்சை. ஒட்டுகிற பசையில் இருக்கிறது சூட்சுமம். சாதாரணப் பலகைக்கு யூரியா பசை, மெரைனுக்கு ஃபீனால் பசை. இதையெல்லாம் பெரியப்பா, பால் பொங்குவதற்காகக் கூடி நிற்கும் கூட்டத்தை அடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்தி வைத்துக்கொண்டு சொல்வார். “72 மணி நேரம் வேகவெச்சா அதைக் குழம்புலயே போட்டிருக்கலாமே” என்று ஒருமுறை அத்தை முணுமுணுத்தார். பெரியப்பாவின் காதில் விழவில்லை. அந்தக் காது பலகைக்கு மட்டும்தான்.

போன தை மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். முகூர்த்தம் காலை 6 மணிக்கு. புரோகிதர் காத்திருக்க வேண்டாமே என்று பெரியப்பாவிடம் மட்டும் ஏழரை என்று சொல்லி வைத்தார்கள். ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றார். காலையில் ஈரப்பதம் அதிகமாம். பலகையின் சத்தம் அப்போதுதான் பொய் சொல்லாதாம்.

வகுப்பு முடிந்ததும் ஆயுள் கணிப்பு. “ஏழு வருஷம்” என்பார். கொஞ்சம் பிடித்துப்போன வீடு என்றால் “பத்து”. 20 வருஷ வீட்டுக்கடனில் முதல் தவணையைக் கட்டிவிட்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிற பையனிடம் சொல்வார்: “கடன் இருக்கும்ப்பா. கிச்சன் இருக்காது.”

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்தியது. வெட்டுவாயை மூடுகிற பட்டை ஓரிடத்தில் எழும்பினால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். உப்பின பலகை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. உப்பின இடத்தில் திருகாணி பிடிக்காது. திருகாணி பிடிக்காத இடத்தில் கீல் நிற்காது. கீல் நிற்காத ஷட்டர் ஒருநாள் காலையில் காபி டம்ளரோடு நிற்பவர் கையோடு வந்துவிடும். நாமும் நம்முடைய பங்குக்கு மேடையைத் துடைப்பதில்லை, கழுவுகிறோம். தரையை வாளி வாளியாக ஊற்றி அலசுகிறோம். குக்கர் விசில் அடிக்கிற இடத்துக்கு நேர் மேலே ஷட்டரை வைத்துவிட்டு, ஆவி மேலே போகிறதே என்று ஆச்சரியப்படுகிறோம்.

ஆனால் பெரியப்பாவின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மொத்த அடுக்களைக்கும் ஒரே சாவுத் தேதி குறித்துவிடுவார். அடுக்களை அப்படி ஒரே நாளில் போவதில்லை. சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டி முதலில் போகும். அடுத்து, தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினின் கழிவுநீர்க் குழாய் சொட்டுகிற மூலை. அப்புறம் அரிசி டப்பாவும் தோசைக்கல்லும் இருக்கும் டிராயரின் சேனல். தண்ணீரும் ஆவியும் தொடாத மேல்வரிசை பாட்டுக்கு 20 வருஷம்கூட நின்றுகொண்டிருக்கும். போன பெட்டியை மட்டும் கழற்றி மாற்றலாம். மாடுலர் என்று பெயர் வைத்ததே அதற்குத்தான். இதைச் சொன்னால் “அந்தக் கலர் மைக்கா அப்ப கெடைக்குமா?” என்பார். கிடைக்காது. அதுவும் உண்மை. இந்த மனிதரோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாது.

2015 டிசம்பர் வெள்ளம் அவருக்கு ஆதாரத்தையும் கையில் கொடுத்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் வேளச்சேரியில் தரைத்தளத்துச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனார். ஃபிரிட்ஜ் ஹாலில் மல்லாந்து கிடக்கிறது. மெத்தை வாசலில் கிடக்கிறது. வீட்டுக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெரியப்பா அடுக்களைக்குள் போய், உப்பின பலகையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, உள்ளிருந்தே குரல் கொடுத்தார்: “18 எம்எம் பலகை, இப்ப 25 இருக்கும். நான் பால் காய்ச்சறப்பவே சொன்னேன்.” அந்த வீட்டில் அவருக்கு அன்று காபி கொடுக்கவில்லை. கொடுக்க டம்ளரும் இல்லை.

வாரண்டி கார்டு கையில் கிடைத்தால் இன்னும் விசேஷம். 10 வருஷம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைத் தாண்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து உரக்கப் படிப்பார். தண்ணீர்க் கசிவுக்குப் பொறுப்பல்ல. ஆவிக்குப் பொறுப்பல்ல. அதிக சூட்டுக்குப் பொறுப்பல்ல. கரையானுக்குப் பொறுப்பல்ல. படித்து முடித்து கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்வார்: “சமைக்காம இருந்தா நிச்சயம் குடுப்பான்.” இந்த ஒரு விஷயத்தில் நான் பெரியப்பா கட்சி.

அவருக்கு வேறு பழக்கங்களும் உண்டு. ட்யூப்லைட்டின் ஓரத்தில், கடிகார பேட்டரியில், மாட்டின தேதியை பால்பாயிண்ட்டில் எழுதுவது. பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது. அதெல்லாம் அந்தத் தலைமுறையில் சகஜம், விட்டுவிடலாம்.

ஒருநாள் அவரை மடக்கலாம் என்று பிராங்க்ஃபர்ட் கதையை எடுத்தேன். 1926இல் அந்த ஊர்க் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஓர் அடுக்களையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி அதுதான். சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். அதில் ஒன்றிரண்டு லண்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. “பாத்தீங்களா பெரியப்பா, தொண்ணூறு வருஷம் தாண்டியும் நிக்குது” என்றேன்.

“என்ன பலகை?”

மேடைக்கு பீச் மரம், மாவு வைக்கிற டிராயருக்குப் புழு அண்டாத ஓக் மரம் என்றேன்.

“அப்ப நிக்கும்” என்றார். “பார்ட்டிகிள் போர்டுன்னா மியூசியத்துக்கா போயிருக்கும்?”

எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்து ஷட்டர் ஒன்று தொங்க ஆரம்பித்தபோது, பொருத்திய கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தார். திருகாணி துளை பெரிசாகிவிட்டது, பெட்டியோடு மாற்ற வேண்டும் என்று ஒரு கொட்டேஷன் அனுப்பினார். அதில் ஒரு பவுன் வாங்கியிருக்கலாம். பெரியப்பா வந்தார். தட்டவில்லை. தீப்பெட்டி கேட்டார். நாலு குச்சியின் மருந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஃபெவிகாலில் முக்கி, துளைக்குள் ஒவ்வொன்றாகச் செருகினார். போதவில்லை என்று இன்னும் ஒன்றை இரண்டாகப் பிளந்து இறுக்கினார். பசை காயும் வரை அடுக்களையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஷட்டரைத் தோளில் தாங்கிக்கொண்டே கிரிக்கெட் கேட்டார். அப்புறம் நீட்டிக்கொண்டிருந்ததை பிளேடால் சீவிவிட்டு, பழைய திருகாணியையே போட்டு, நிதானமாக முறுக்கினார். அந்த ஷட்டர் இன்றைக்கும் நேராக நிற்கிறது. எத்தனை வருஷம் தாங்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர்மேல் வந்த பிரியத்தில் வடை போட்டேன். எண்ணெய்ப்புகை மேல்வரிசைக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

இவ்வளவு தெரிந்தவர் வீட்டு அடுக்களை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டாமா? தாம்பரம் பக்கம், எண்பதுகளில் கட்டின வீடு. மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள். கதவு கிடையாது. முன்னால் ஒரு கம்பியில் பழைய புடவைத் துணியில் தைத்த திரை. திரையை விலக்கினால் பாத்திரம், பாத்திரத்துக்குப் பின்னால் கரப்பான். “கடப்பா கல்லுக்கு ஏதும்மா சாவு?” என்பார் பெரியப்பா. சாவு இல்லைதான். ஆனால் அடித்தட்டின் உள்மூலையில் இருக்கும் இட்லிப் பானையை எடுக்க, முட்டி தேய்ந்த பெரியம்மா தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து, எடுத்துவிட்டு எழுந்திருக்க ஜன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டும். இழுத்தால் வருகிற டிராயர் நாலே நாலு வேண்டும் என்று அவர் கேட்க ஆரம்பித்தபோது நாங்களெல்லாம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம்.

பெரியப்பா மறுக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறார். நந்தம்பாக்கம் டிரேடு சென்டரில் கட்டடப் பொருள் கண்காட்சி என்றால் முதல் ஆள். பை நிறைய சாம்பிள் துண்டுகளோடு வருவார். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, பாத்ரூம் வாளியில் ஊறப்போடுவார். அந்த வீட்டில் குளிக்கப் போகிற விருந்தாளி, முதலில் பலகைகளை வெளியே எடுத்து வைக்க வேண்டும். பிவிசி சூட்டில் வளையுமாம். ஸ்டீல் ஒடுங்குமாம், ராத்திரியில் சத்தம் போடுமாம். எச்டிஎச்எம்ஆர் என்று ஒரு பலகை புதிதாக வந்திருக்கிறதே என்றால், “பேரு புதுசா இருக்கு. ஒரு பத்து வருஷம் போகட்டும், பாப்போம்.” மெரைன் பிளையில் செய்யலாமே, நீங்களே சொல்கிற 710தானே? “முத்திரை மட்டும் 710. உள்ளே என்ன இருக்குன்னு யாரு கண்டா?”

சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தேன். இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஊரில் உள்ள அத்தனை அடுக்களைக்கும் நாள் குறிக்கிற இந்த மனிதர் தம்முடைய அடுக்களையில் ஒரு டம்ளர் கழுவியதில்லை. கடுகு எந்த டப்பாவில் என்று தெரியாது. பத்து வருஷம்தான் தாங்கும் என்று வேண்டாமென்று தள்ளிய பலகை, அன்றைக்கே போட்டிருந்தால் இரண்டு தடவை செத்துப் பிழைத்திருக்கும். அந்த இருபது வருஷமும் பெரியம்மா நின்றபடி இட்லிப் பானையை எடுத்திருப்பார். இதை அவரிடமே சொன்னேன். “அதுக்குத்தான் நல்லதாப் போடணும்னு பாக்கறேன்” என்றார், துளியும் கூச்சமில்லாமல்.

சமீபத்தில் மேடவாக்கத்தில் அவர் தம்பி மகள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாஃப்ட் குளோஸ் கீல் போட்ட அடுக்களை. லேசாகத் தள்ளினால் ஷட்டர் கடைசி இரண்டு அங்குலத்தில் தயங்கி, சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொள்ளும். பெரியப்பா வழக்கம்போல் தட்டிவிட்டு, கீலை 80,000 தடவைக்குத்தான் சோதித்திருப்பார்கள், ஒரு நாளைக்கு 20 தடவை திறந்தால் வருஷத்துக்கு 7,300, ஆக பதினோராம் வருஷம் கதை முடிந்தது என்று மாப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா பக்கத்தில் வந்து ஒரு ஷட்டரைத் தள்ளினார். அது மூடிக்கொள்வதைப் பார்த்தார். மறுபடி திறந்து, ஒற்றை விரலால் தள்ளினார்.

பெரியப்பா கணக்கை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“ரெண்டு வீணாப் போச்சு” என்றார்.