பழுது உபயம்

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவில் காபி குடிக்கிற நேரத்தில், மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை அவிழ்த்துவிடும். நமக்கு அது புதன்கிழமை காலையில் வந்து இறங்கும். சில மாதங்களில் அந்தப் புதன் 11ஆம் தேதியில் வந்து விழும். மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாளும் அதுதான். வரி ஆலோசகர் அலுவலகத்தில் வியாபாரி பில் கட்டோடு உட்கார்ந்திருப்பார். திரையில் புள்ளிகள் வட்டமடிக்கும். 30 சதவீதம். டீ வரும். 30 சதவீதம். டம்ளர் காலியாகும். 30 சதவீதம். கணினியை அணைத்துவிடாதீர்கள் என்று கீழே ஓர் எச்சரிக்கை வேறு. அன்றைக்குத் தாக்கல் நடக்கவில்லை என்றால், சரக்கு வாங்கியவருக்கு வரி வரவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அவர் போன் போட்டு வறுத்தெடுக்கப்போவது மைக்ரோசாஃப்டின் ரெட்மண்ட் தலைமையகத்தில் இருப்பவர்களை அல்ல. பில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரை.

காசு கொடுத்து வாங்கிய கணினி யாருடையது என்ற சந்தேகத்தை மைக்ரோசாஃப்ட் 2016லேயே தீர்த்துவைத்துவிட்டது. விண்டோஸ் 10க்கு மாறுங்கள், இலவசம் என்று அப்போது ஒரு பெட்டி திரையில் முளைத்துக்கொண்டே இருந்தது. உலகமே வேண்டாம் என்று சொல்ல மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத்தான் அமுக்கும். அந்த மே மாதம் அதே குறியை அமுக்கினால், சரி, குறித்த நேரத்தில் மாற்றிவிடுங்கள் என்று பொருள் கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர் முகத்தில் கதவைச் சாத்தினால், அவர் முகூர்த்தம் குறித்துவிட்டுப் போவது மாதிரி. கலிஃபோர்னியாவில் சுற்றுலா முகவர் அலுவலகம் நடத்திய ஒரு பெண், கேட்காமல் வந்த இந்த இலவசத்தால் கணினி படுத்துவிட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். வாங்கத் தெம்பும் நேரமும் அவருக்கு இருந்தன. மற்றவர்கள் ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள்.

தவறு எங்கே ஆரம்பித்தது? 2014இல் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்புவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அந்தக் காலத்திலேயே, மென்பொருளைச் சோதிப்பதற்கென்றே இருந்த பொறியாளர் பட்டாளத்தையும் கரைத்தது. அதே வருஷம் ‘இன்சைடர்’ என்று ஒரு திட்டம் பிறந்தது: முடிக்காத விண்டோஸை ஆர்வலர்கள் தங்கள் கணினியில் போட்டுப் பார்த்துக் குறை சொல்லலாம். முன்பு சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை இப்போது கௌரவப் பதவி. எவ்வளவு சிக்கனம்!

அந்தச் சிக்கனத்தின் முதல் பெரிய அறுவடை 2018 அக்டோபரில் கிடைத்தது. அந்த மாதம் வந்த அப்டேட்டைப் போட்ட சிலருடைய ஆவணங்களும் படங்களும் அடியோடு காணாமல் போயின. தங்கள் கோப்புறைகளை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். பழைய கோப்புறை இனி எதற்கு என்று அப்டேட் அதைக் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்கும் பழக்கம் அதற்கு இல்லை. நான்கே நாளில் வெளியீட்டை நிறுத்தினார்கள். புகார் சொன்னவர்கள் ஒரு சதவீதத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்று விளக்கமும் வந்தது. பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களைத் தொலைத்தவருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! இதில் உச்சம் என்னவென்றால், கோப்புகள் அழிகின்றன என்று ஆர்வலர்கள் சிலர் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் புகாருக்குப் போதிய ஓட்டு விழவில்லை. வீடு எரிகிறது என்று கத்தினாலும் நாலு பேர் வழிமொழிய வேண்டும்.

2024 ஜனவரியில் வந்தது இன்னொரு அதிசயம். மீட்புப் பகுதியில் இருந்த ஓட்டையை அடைக்க ஓர் அப்டேட். பலருடைய கணினியில் அந்தப் பகுதிக்கு இடம் போதவில்லை. அப்டேட் 0x80070643 என்று ஒரு எண்ணைத் துப்பிவிட்டு நின்றது. இடம் போதவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு நிறுவனம் தந்த பரிகாரம் இது: கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளைகளைத் தட்டி, ஹார்ட் டிஸ்க்கில் 250 எம்பி வெட்டி, மீட்புப் பகுதியை அழித்துவிட்டு, நீங்களே புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு எண் தவறினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடலாம். பேரனோடு வீடியோ காலில் பேசுவதற்காகக் கணினி வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் இதே மருத்துவச் சீட்டுதான்.

அந்த மீட்புப் பகுதியாவது உருப்படியாக இருந்ததா? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11க்கு வந்த அப்டேட், அதற்குள் யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் செயலிழக்கவைத்தது. கணினி படுத்தால் எழுப்புவதற்கென்றே இருக்கும் அறை. உள்ளே போகலாம், எதையும் தொட முடியாது. அவசரத் திருத்தம் வர ஆறு நாளாயிற்று.

அதே அக்டோபர் 14தான் விண்டோஸ் 10க்கும் கடைசி நாள். பத்து வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று கதறியவர்களுக்கு வலுக்கட்டாயமாக அப்டேட் ஊட்டியவர்கள், இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வேண்டும் என்று கேட்டவர்களிடம் 30 டாலர் என்று விலை சொன்னார்கள். இல்லையா, எங்கள் கணக்கில் நுழைந்து உங்கள் கணினி அமைப்புகளை எங்கள் சர்வரில் கொண்டுவந்து வையுங்கள் என்றார்கள். இதுவும் வேண்டாமா, விண்டோஸ் 11க்கு வாருங்கள். ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத கணினிக்கு உள்ளே இடமில்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போடச் சொல்வதற்கு இதைவிட நாகரிகமான வழி இல்லை.

இந்த வித்தையை ஒரே நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருப்பதாக நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தானாகப் போய்ச் சேரும் ஒரு கோப்பை அனுப்பியது. கோப்பு 21 தகவல் எதிர்பார்த்தது. கணினியில் இருந்த நிரல் 20தான் கொடுத்தது. இந்த ஒன்று குறைந்ததில் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலம் பாரித்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பைத் திரும்பப் பெற 78 நிமிடம்தான் பிடித்தது. விழுந்த கணினிகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார்? அந்தந்த அலுவலகத்து ஐடி பையன்கள். ஒவ்வொரு மேசையாகப் போய், சேஃப் மோடில் திறந்து, பிட்லாக்கர் பூட்டு கேட்ட 48 இலக்கச் சாவியைத் தேடித் தட்டி, அந்தக் கோப்பை அழித்தார்கள். உதவிய கூட்டாளி நிறுவனத்தாருக்கு 10 டாலர் ஊபர் ஈட்ஸ் கூப்பன் போனது. ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தியதால் அதையும் மோசடி என்று சந்தேகித்து ஊபர் முடக்கியது. மன்னிப்புகூட ஒரு எர்ரரோடுதான் வந்தது.

அப்படியானால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமா? கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சுநிரல் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே அடைப்பு வந்துவிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதனால்தான் கோபம் கூடுகிறது. போட்டே ஆக வேண்டிய மருந்தில் கலப்படம் செய்கிறவன், வேண்டாத பண்டத்தில் செய்கிறவனைவிடக் கொடியவன். ஒரு தடவை சூடு பட்டவர் அப்டேட்டையே நிறுத்திவைக்கிறார். அடுத்த வைரஸ் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அந்தப் பயத்தை விதைத்தவர்கள், பயனர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று கருத்தரங்கில் கவலைப்படுவார்கள்.

இத்தனை கதறலுக்கும் 2025இல் ஒரு பெரிய சீர்திருத்தம் வந்தது. கணினி செத்தால் வரும் நீலத் திரை கறுப்பாகிவிட்டது. அதில் இருந்த அழுமூஞ்சிப் பொம்மையையும் எடுத்துவிட்டார்கள். சாவைத் தடுக்க முடியாவிட்டால் துக்கத்துக்கு ஏற்ற நிறமாவது வேண்டாமா?

நிறம் எதுவானாலும் அந்தத் திரையில் ஒன்று மட்டும் இருக்காது. கோயிலில் ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தவர், வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு உபயம் இன்னார் என்று எழுதிவைப்பார். இங்கே பழுதுக்கு உபயதாரர் பெயரே கிடையாது. உங்கள் கணினி சிக்கலில் மாட்டிக்கொண்டது என்று நம் தலையில் எழுதிவிடுகிறார்கள். நாம் படிக்காமல் ஒப்புக்கொண்ட உரிம ஒப்பந்தமோ, நஷ்டஈடு மென்பொருளுக்குக் கொடுத்த விலையைத் தாண்டாது, இலவசமாக வந்ததென்றால் 50 டாலர் வரை என்கிறது. ஒரு நாள் வியாபாரமும் ஒரு ஆயுளின் படங்களும் அதற்குள் அடங்கிவிட வேண்டும்.

கேட்காமல் உள்ளே வரும் உரிமை வேண்டுமென்றால், உடைத்ததற்குப் பணம் கட்டும் கடமையும் கூடவே வர வேண்டும். சட்டம் இதைக் கட்டாயமாக்கும் அன்றைக்குப் பாருங்கள்: சோதனைப் பொறியாளர் தேவை என்று அந்த வாரமே விளம்பரம் வரும்.