கொஞ்சம் ஆட்டிப் பாரேன்

பேட்டரியில் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போன படகை ஆட்டிப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒருவராவது இதை ஒப்புக்கொள்வார் என்று நேற்றுச் சாயங்காலம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்தபோது கறுத்துப்போன பைபர் படகு, மச்சானுடையது. அதற்குப் புது வயர் இழுத்தவர் வீட்டு வயரிங் செய்கிற தம்பி. கையில் மிச்சமிருந்தது கறுப்பு வயர். இரண்டு பக்கத்துக்கும் அதையே இழுத்துவிட்டார். கேட்டால், "வீட்ல மாத்திக் குடுத்தாலும் ஃபேன் சுத்துதே சார்" என்கிறார். சுற்றும்தான், அது ஏசி. பேட்டரிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

ஜிபிஎஸ் கண் திறக்கவில்லை. எல்இடி எரியவில்லை. பழைய குண்டு பல்பு மட்டும் பளிச்சென்று எரிந்தது. அதற்குக் கரண்ட் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. "லைட்டு எரியுதுல்ல? அப்போ பேட்டரி நல்லாகீது. எங்கனா லூசா இருக்கும். ஒரு தபா ஆட்டிப் பாரு."

ஆட்டினார்கள்.

ரிமோட் வேலை செய்யாவிட்டால் பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை உருட்டுகிறோம். உருட்டிவிட்டுத் தொடையில் ஒரு தட்டு. மிக்ஸி ஓடாவிட்டால் பிளக்கை ஆட்டுகிறோம். சார்ஜர் பின்னை ஒரு கோணத்தில் மடக்கி, மேலே சோப்பு டப்பாவைப் பாரம் வைத்து, வீட்டுக்கே ஊரடங்கு போடுகிறோம். இடது கையால் அயர்ன் பாக்ஸ் வயரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி சட்டை தேய்க்கிற ஒருவரை எனக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். என்றோ ஒரு நாள் ஆட்டியதும் எரிந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் நம்மைக் கெடுத்தது. படகிலும் அதே கதைதான். வலை பின்னிக்கொண்டிருந்தவர் ஊசியை வைத்துவிட்டு வந்து டெர்மினலை ஆட்டினார். இறால் விற்றுவிட்டு வந்தவர் வாக்கிடாக்கியை ஆட்டினார். டியூஷனுக்குப் போகிற பையன் பையைக் கீழே வைத்து இஞ்சின் வயரை ஆட்டினான். கடைசியில் படகையே ஆட்டினார்கள். அதை அலை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 1,830 மெகாவாட். இந்தப் பக்கம் 1970இல் தொடங்கி 2017இல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையம். நடுவில் நாங்கள் 12 வோல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தோம்.

மாறிப்போனால் என்ன செய்வது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடுத்து பியூஸ். அது போயிருந்தால் கும்பிடு போடலாம், மற்றவை தப்பியிருக்க வாய்ப்புண்டு. பியூஸ் டப்பாவைத் திறந்தேன். உள்ளே சிகரெட் பெட்டியின் ஈயத்தாள், மடித்து மடித்து, அழகாக. யார் வைத்தது என்று கேட்டதும் கூட்டம் கலைந்தது.

ஈயத்தாள் லேசில் போகாது. அதற்குப் பதில் இஞ்சினில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ரெக்டிஃபையர் போகும். அதன் டயோடு ஒரு பக்கம்தான் கரண்டை விடும். பேட்டரியைத் திருப்பி மாட்டினால் அந்தத் திறந்த பக்கத்திலேயே மொத்தமும் பாய்ந்து அதை வேகவைத்துவிடும். வயரைச் சரியாக மாட்டி, இஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.6 காட்டியது. 14 பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லை.

புது ரெக்டிஃபையர் என்ன விலை என்று ராயபுரத்தில் விசாரித்துவிட்டேன். மச்சானிடம் வேறு யாராவது சொல்லட்டும்.