தூண்டிலும் ராகிக் களியும்

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சினன்மார் முன்பெல்லாம் சாக்லேட் கொண்டுவருவார்கள். இப்போது பொழுதுபோக்கு கொண்டுவருகிறார்கள். என் மனைவியின் தம்பி இந்தத் தடவை மைசூர் வந்து பெட்டியைத் திறந்தபோது மடக்குத் தூண்டில் ஒன்றும், ஒரு டப்பா நிறைய ரப்பர் தவளைகளும் வெளியே வந்தன. தவளைகளைப் பார்த்த என் மாமியார் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மலைமேல ஒரு ஏரி, அத்தான். ஆள் நடமாட்டமே இருக்கக் கூடாது. ஒரு கேனோ. நீங்க, நான். வேற ஒண்ணுமே வேணாம்" என்றான்.

வேறொன்றும் வேண்டாம் என்பவர்களின் பட்டியல்தான் எப்போதும் நீளமாக இருக்கும்.

அவன் இருக்கும் பக்கத்தில் இது சாதாரணமாக நடக்கிற காரியமாம். கேனோ என்ற ஒடுங்கிய படகைக் கார் தலையில் கட்டிக்கொண்டு மலையேறுவார்கள். ஏரியில் இறக்கி, லார்ஜ்மவுத் பாஸ் என்ற அகலவாய் மீனைப் பிடித்து, அதோடு படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். "விட்டுடுவியா?" என்று என் மனைவி திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைக்குப் போய்க் காசைக் கொடுத்துவிட்டுச் சாமானை அங்கேயே வைத்துவிட்டு வருவது போல இருக்கிறது என்பது அவள் கட்சி.

இந்த பாஸ் மீனில் உலகச் சாதனை 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்தது. 22 பவுண்டும் கொஞ்சமும், அதாவது சுமார் 10 கிலோ. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதற்குச் சமமாக ஒன்று பிடித்தார். இதை மச்சினன் குரலைத் தாழ்த்திப் பக்தியோடு சொன்னான். எனக்கு ஊர்ப்பற்று பொங்கிவிட்டது. பிழைக்க வந்த ஊர்தான் என்றாலும் மைசூரை ஒருவன் பத்து கிலோவில் மடக்குவதை எப்படிப் பொறுப்பது?

1946இல் இங்கே காவிரியின் கிளையான கபினி ஆற்றில் பிடிபட்ட மஹசீர் மீன் 120 பவுண்டு. 54 கிலோ. என் மனைவியைவிட ஒன்றிரண்டு கிலோ குறைவு என்று சொல்ல வந்து, சாப்பாட்டு நேரம் என்பதால் சொல்லவில்லை. பிடித்தவர் டி வெட் வான் இங்கன். மைசூரில் பழைய ஆட்களுக்கு வான் இங்கன் என்றால் போதும், புரிந்துவிடும். மகாராஜாக்களும் துரைமார்களும் சுட்டு வீழ்த்திய புலி, சிறுத்தைகளை ஆயிரக்கணக்கில் பாடம் செய்து கொடுத்த குடும்பம். கண்ணாடிக் கண்ணோடு அரண்மனைச் சுவரில் உறுமிக்கொண்டிருக்கும் பல புலிகள் இந்த ஊரிலிருந்து போனவைதான். அப்பா யூஜின் தன் பிள்ளைகளுக்குத் தென்னாப்பிரிக்க போயர் போர்த் தலைவர்களின் பெயர்களை வைத்திருந்தார்: டி வெட், போத்தா, ஜூபர்ட், க்ரூகர். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலே போர்முனை மாதிரி இருந்திருக்கும்.

தூண்டில்காரர்களுக்கு உலகம் முழுவதும் ஒரு கஷ்டம் உண்டு. பிடித்த மீனைக் கை விரித்துக் காட்டுவார்கள். வருஷம் ஆக ஆகக் கை விரிந்துகொண்டே போகும், கேட்பவன் நம்பிக்கை சுருங்கிக்கொண்டே போகும். பாடம் செய்யும் தொழிலில் இருப்பவனுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. மீன் பிடிப்பவர்களில் நம்பத்தகுந்த குடும்பம் ஒன்று இருந்தது என்றால் அது இதுதான்.

இதற்கு முந்தைய சாதனையும் காவிரியில்தான். 1919இல் ரிவெட்-கார்னக் என்ற துரை பிடித்தது 119 பவுண்டு. கணக்குப் பாருங்கள். நடுவில் 27 வருஷம், ஒரு உலகப் போர், எத்தனையோ துரைமார். கூடியது ஒரு பவுண்டு. அந்த ஒரு பவுண்டு மீன் கடைசியாகச் சாப்பிட்ட ராகியாகக்கூட இருக்கலாம்.

ராகியை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தக் காவிரி மஹசீருக்குப் பேர்போன இரை ராகிக் களி. பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்களி என்று ஆற்றோரம் முகாம்கள் இருந்தன. இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி, கார்பன் தூண்டிலும் விலையுயர்ந்த சுழலியும் எடுத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். உள்ளூர் வழிகாட்டி அவர்களுடைய பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுப்பில் களி கிண்டி, எலுமிச்சை அளவு உருட்டி, கொக்கியில் பொதிந்து கொடுப்பார். மீன் அதைத்தான் கடிக்கும். மைசூர்ச் சீமைக் குடியானவன் சாப்பிடுவது எதுவோ அதுதான் மைசூர்ச் சீமை மீனுக்கும். இதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

மச்சினன் அப்போதே காரை எடுக்கச் சொன்னான். உட்காரச் சொன்னேன். காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று சட்டம் எடுத்துக்கொண்டதால், 2010களின் தொடக்கத்தில் அந்த விளையாட்டு நின்றுபோனது. முகாம்கள் இருக்கின்றன. தங்கலாம், பறவை பார்க்கலாம், யானை வந்தால் ஓடலாம். தூண்டில் மட்டும் ஆகாது.

"பிடிச்சு விட்டுடறதுகூடத் தப்பா?"

அதில் இரண்டு கட்சி உண்டு. தூண்டில்காரர்கள் இருந்தபோது அவர்கள் கூலிக்கு வைத்த காவலாட்கள் கரையில் இருந்தார்கள், வெடி வைத்து மீன் பிடிக்கும் திருடர்கள் கிட்டே வரவில்லை என்பார்கள் ஒரு சாரார். சரணாலயம் என்றால் மீனுக்கும் சரணாலயம்தானே என்பார்கள் மறு சாரார். எனக்கு முதல் கட்சியின் பேச்சு பிடிக்கும். இரண்டாவது கட்சியின் சட்டம் பிடிக்கும்.

இதற்குள் மீனே அருகிவிட்டது. திமில் மஹசீர் என்ற இந்த ராட்சதன் காவிரியையும் அதன் கிளைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1970கள் முதல் வெளியிலிருந்து நீலத் துடுப்பு மஹசீர்க் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து ஆற்றில் விட்டார்கள். வந்தவை பெருகின, சொந்தக்காரன் குறைந்தான். அதைவிட வேடிக்கை, ஒன்றரை நூற்றாண்டாகத் துரைமார் இந்த மீனைப் பிடித்துத் தோளில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்களே தவிர, அதற்குச் சரியான அறிவியல் பெயர் எது என்று ஆராய்ச்சியாளர்கள் உறுதி செய்தது 2018இல்தான். டோர் ரெமாதேவி. ரெமா தேவி என்ற நம் மீனியல் அறிஞரின் பெயர். அடையாளம் தெரிந்த கையோடு, அடியோடு அழியும் அபாயத்தில் இருக்கிறது என்ற பட்டியலிலும் ஏற்றினார்கள். ரேஷன் கார்டு வந்த அன்றே ஆளைக் காணவில்லை.

ஆற்றைக் கைவிட்டு ஏரிக்கு வந்தோம். மலை ஏரி என்றால் மைசூர்க்காரனுக்கு ஊட்டிதான். ஊட்டி ஏரியில் படகு உண்டு, 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையின் வாரிசுகள் உண்டு. அமைதி மட்டும் கிடையாது. சீசனில் அந்த ஏரிக்கரையில் ஒருவர் காது கேட்க இன்னொருவர் பேச வேண்டுமென்றால் போன் போட வேண்டும்.

ஊருக்குள்ளே குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864இல், வெட்டியது. விடியற்காலையில் பனியும் கூழைக்கடாவுமாக மச்சினன் கனவு கண்ட ஏரி அதுவேதான். ஆனால் அது சர்க்கரை நோயாளிகளின் ஏரி. மைசூரின் ஓய்வூதியக்காரர்கள் அத்தனை பேரும் அதைச் சுற்றி நடக்கிறார்கள். தூண்டிலோடு ஒருவன் உட்கார்ந்தால் மீன் வருமுன் நாலு ரிட்டையர்டு பேராசிரியர்கள் வந்து சட்டம் பேசுவார்கள். காரஞ்சி ஏரியில் படகு உண்டு, ஆனால் அது மிருகக்காட்சி சாலையின் பொறுப்பில். ரங்கனதிட்டில் ஏகாந்தம், படகு, மீன் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. பறவை அறிஞர் சாலிம் அலி எடுத்துச் சொல்லி 1940இல் பறவைகளுக்கு எழுதிவைத்த இடம் அது. மீன்பிடி உரிமை நாரைகளுக்கும் முதலைகளுக்கும். முதலைகள் பிடித்ததைத் திரும்ப விடுவதில்லை.

கடைசியில் ஒரு கிராமத்து ஏரியைக் குத்தகை எடுத்தவர் இரங்கினார். நிபந்தனை ஒன்றுதான்: பிடிக்கும் மீனைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், விடக் கூடாது. அவர் விட்டிருந்தது கட்லாவும் ரோகுவும். இவை ரப்பர் தவளையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கட்லா மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும், ரோகுவுக்குப் பாசி. எங்கள் நம்பிக்கை விரால் மேல். பாசிக்குள் அசையாமல் கிடந்து தவளையைப் பாய்ந்து கவ்வுகிற ஜாதி. பாஸ் மீனுக்காகச் செய்த ரப்பர் தவளை இந்தியாவில் விராலுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறது.

கேனோவுக்குப் பதில் பரிசல். சுமார் 500 வருஷத்துக்கு முன்னால் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் பயஸ், கூடை மாதிரி வட்டமான படகில் ஜனங்கள் ஆறு கடப்பதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அன்று போர்த்திய தோலுக்குப் பதில் இன்று பிளாஸ்டிக் சாக்கும் தாரும். மற்றபடி இத்தனை காலமாகியும் அதற்கு யாரும் முன்பக்கம் என்று ஒன்று வைக்கவில்லை. மச்சினன் வடக்கே பார்த்துத் தூண்டிலை வீசுவான். தவளை தண்ணீரில் விழுமுன் பரிசல் கிழக்கே திரும்பிவிடும். ஒருமுறை தவளை பரிசல்காரரின் தலைத்துண்டைக் கவ்வியது. அவர் அதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, "மீனு பேக்கா சார்? மார்க்கெட்ல சிகுத்தே" என்றார். மீன் வேண்டுமென்றால் மார்க்கெட்டில் கிடைக்குமாம்.

அதற்குள் கரையில் ஊரே கூடிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையன்கள், எருமை மேய்ப்பவர், குத்தகைக்காரரின் மாமனார். ஆளுக்கொரு பக்கம் கை காட்டி, அங்கே போடு, இங்கே போடு என்று கன்னடத்தில் ஒரே கூச்சல். தண்ணீரில் அசைவு தெரிந்தபோதெல்லாம் கைதட்டல். விரால் மூச்சு வாங்க மேலே வரும் மீன். அன்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கும். மச்சினனுக்கு மீன் கிடைக்கவில்லை, ஏகாந்தமும் கிடைக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் அவனுக்கு இத்தனை ரசிகர்கள் கிடையாது.

மைசூர் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தலக்காட்டில் பரிசல் உண்டு; ஏறுமுன் வாடகையைப் பேசிவிடுங்கள், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ராகிக் களி எந்த மிலிட்டரி ஓட்டலிலும் கிடைக்கும். மென்று தின்னாதீர்கள், குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும்.