‘உரிய நடவடிக்கை’ உத்தமர்

அரசு அலுவலகத்தில் அறிக்கை எழுதுபவர்களில் கைதேர்ந்தவர் யார் என்றால், கடைசி வரி வரை படித்தாலும் நடந்தது என்னவென்று ஒருவருக்கும் தெரியாதபடி எழுதுகிறவர்தான். அவரை உத்தமர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒழுகுகிறது என்று மனு வருகிறது. ஆட்சியர் அலுவலகம் அறிக்கை கேட்கிறது. உத்தமர் உடனே எழுதிவிட மாட்டார். ஒரே ஒரு ‘பார்வை’யோடு அறிக்கை போவது அவர் கண்ணுக்கு மூளியாகத் தெரியும். நினைவூட்டு வந்து பார்வை இரண்டான பிறகுதான் பேனா இறங்கும். “மேற்காண் பொருள் தொடர்பாக, பார்வை 1-ல் காணும் கடிதத்தின் மீதும் பார்வை 2-ல் காணும் நினைவூட்டின் மீதும் தங்களின் மேலான கவனம் பணிந்து ஈர்க்கப்படுகிறது. தொட்டி நேரில் ஆய்வு செய்யப்பட்டது. ஆய்வின்போது சிற்சில குறைபாடுகள் கண்டறியப்பட்டன. அவற்றைக் களைய உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது.” ஆய்வு செய்தது யார்? குறைபாடு விரிசலா, துருவா? நடவடிக்கை என்றால் கொத்தனாரா, கடிதமா? எதற்கும் பதில் இல்லை. ஆனாலும் கேட்ட அறிக்கை வந்துவிட்டது. நிலுவைப் பட்டியலில் ஓர் இனம் குறைந்தது. இரு தரப்புக்கும் நிம்மதி.

இவருக்கு எழுதத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, அறிக்கை எழுதுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அங்கேதான் தவறு. அந்தப் பயிற்சிக்குப் போய்வந்த செலவுக்கு அவர் போடும் பயணப்படிப் பட்டியலைப் பாருங்கள். எந்த ஊரில் எத்தனை மணிக்குப் பேருந்து ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார், தூரம் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு எல்லாம் பளிச்சென்று இருக்கும். அதில் “உரிய கட்டணம் செலுத்தப்பட்டது” என்று ஒரு வரிகூட இராது. பதவி உயர்வுப் பட்டியலில் தமக்கு இளையவர் மேலே ஏறிவிட்டால் அவர் எழுதும் முறையீட்டை அப்படியே பாடநூலில் சேர்க்கலாம்: யார், எந்த நாளில் பணியில் சேர்ந்தார், எந்த விதி மீறப்பட்டது, தமக்கு என்ன வேண்டும் என அத்தனையும் ஒரே பக்கத்தில். இவ்வளவும் போதாதென்றால், ஆட்சியரே தொலைபேசியில் கூப்பிட்டு அந்தத் தொட்டியைப் பற்றிக் கேட்கும்போது கவனியுங்கள். “தூண்ல கம்பி வெளிய தெரியுதுங்கய்யா. ஆறடி உயரத்துக்கு சிமெண்டு பேந்து நிக்குது. ரிப்பேர் பண்ணிப் பிரயோசனம் இல்லீங்கய்யா, இடிச்சுட்டுப் புதுசாத்தான் கட்டணும். பக்கத்துலயே அங்கன்வாடி வேற இருக்கு.” ஓர் அறிக்கையில் இருக்க வேண்டியது முழுக்க ஒரே மூச்சில் வந்துவிட்டது. வாய்க்கு இவ்வளவு தெளிவு வாய்த்த மனிதரின் கையை முடக்குவது தமிழறிவுக் குறையாக இருக்க முடியாது. தொலைபேசியில் சொன்னது கோப்பில் ஏறாது என்பதுதான் வித்தியாசம்.

ஆட்சித் தமிழே அப்படித்தான், நீட்டி முழக்கினால்தான் அதற்கு மரியாதை என்று சிலர் மொழிமேல் பழிபோடுவார்கள். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல்தான் வந்தது. அதற்கு முன் ஆங்கிலத்தில் நடந்த கோப்புகளிலும் விஷயங்கள் ஆண்டுக்கணக்கில் ‘பரிசீலனையில்’தான் இருந்தன. கடல் கடந்தும் உத்தமர்கள் உண்டு. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா விண்கலத்தின் இறக்கையில் நுரைத்துண்டு ஒன்று மோதியபோது, பொறியாளர்கள் மேலிடத்துக்குக் காட்டிய ஒரு பக்கத்தில் உயிர்நிலையான தகவல் கடைசி வரியில், சின்ன எழுத்தில் ஒடுங்கிக் கிடந்தது: சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம். 640 மடங்கு! தலைப்போ தைரியம் சொல்லும் தொனியில் இருந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். மேலிடம் அந்தப் பக்கத்தைப் படித்தும் உயிருக்கே ஆபத்து என்று உணராமல் போனதில் வியப்பில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. அந்தப் பொறியாளர்கள் யாரும் ஆட்சித் தமிழ் கற்றவர்கள் அல்லர்.

உத்தமர் தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. “தூண் பழுது, தொட்டியை இடிக்க வேண்டும்” என்று அவர் எழுதினால் அடுத்த தபாலில் வருவது கொத்தனார் அல்ல, விளக்கம் கேட்கும் குறிப்பாணை. இத்தனை நாள் ஏன் தெரிவிக்கவில்லை? கட்டும்போது மேற்பார்வை செய்தது யார்? ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-யின் கீழ் ஒரு குற்றச்சாட்டு வந்து விழுந்தால் ஓய்வூதியப் பலன்கள் எல்லாம் தொங்கலில் நிற்கும். போதாக்குறைக்கு 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது; இனி எல்லாம் வெளிச்சம் என்று நாம் மகிழ்ந்தோம். உத்தமரோ, எழுதுகிற ஒவ்வொரு வரியையும் 10 ரூபாய்க்கு எவரும் வாங்கிப் படிக்கலாம் என்று புரிந்துகொண்டு, இருந்த ஒன்றிரண்டு எண்களையும் எடுத்துவிட்டார். கோழை என்று அவரைத் திட்டுவது சுலபம். தெளிவாக எழுதியவனை முதலில் விசாரிக்கும் இடத்தில் குழப்பி எழுதுகிறவனே புத்திசாலி.

அதனால்தான் படிவத்தை மாற்றிப் பார்க்கும் சீர்திருத்தக்காரர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. “பழுது என்ன, சரிசெய்வது யார், எப்போது, செலவு எவ்வளவு” என்று நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தால், “சிறிதளவு, சம்பந்தப்பட்ட துறையினர், விரைவில், மதிப்பீடு தயாரிப்பில் உள்ளது” என்று நான்கையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவரை மடக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஆனால் அதற்கு மேலே இருப்பவர் கொஞ்சம் துணிய வேண்டும். தொலைபேசியில் கேட்ட அதிகாரி, கேட்டதை அப்படியே குறிப்புக் கோப்பில் எழுதி, “உண்மை நிலையை அளவுகளுடன் அனுப்புக. தெரிவித்ததற்காக விளக்கம் கோரப்படமாட்டாது” என்று தம் கையெழுத்தை முதலில் போட்டு அனுப்பட்டும். மறுநாளே பதில் வரும். ஆறடி, கம்பி, அங்கன்வாடி, இடிக்க ஆகும் செலவு எல்லாம் அதில் இருக்கும். ‘உரிய’ என்ற சொல் தேடினாலும் கிடைக்காது. மேலே மட்டும், “பார்வை: 1. தங்களின் தொலைபேசிச் செய்தி. 2. தங்களின் குறிப்பு” என்று தடித்த எழுத்தில், அடிக்கோடும் போட்டிருப்பார்.