ஒரு கிலோமீட்டர் பாசம்

சிங்கப்பூரில் பள்ளிக்காக வீடு மாறும் குடும்பம் முதலில் பார்ப்பது வரைபடத்தை. வீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொடக்கநிலை 1 பதிவில் இடத்தைவிட விண்ணப்பம் மிஞ்சினால், பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்கு முன்னுரிமை. அடுத்து 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர். குடிமக்களுக்குப் பின்னால்தான் நிரந்தரவாசிகள். கோட்டுக்கு உள்ளே விழுந்த புளோக்கில் ஒழுகும் குளியலறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளியே என்கிறது கல்வி அமைச்சு. வீட்டு விலைக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

இடம் கிடைத்ததும் மூட்டை கட்டவும் முடியாது. தூரத்தைக் காட்டிச் சேர்ந்தவர் அதே முகவரியில் 30 மாதமாவது குடியிருக்க வேண்டும். தூரம் கைகொடுக்காதவருக்குத் தொண்டூழியம் உண்டு: முந்தைய ஆண்டே பெயர் கொடுத்து, பள்ளியில் 40 மணி நேரம். பள்ளி வாசலில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அப்பாவின் சமூகப் பற்று 41ஆவது மணியில் தணிந்துவிடுவதும் உண்டு.

தமிழ்க் குடும்பம் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் சீனம் மட்டுமே. எதிர்வீட்டுப் பள்ளியாக இருந்தாலும் சன்னலிலிருந்து ரசிக்கலாம். இத்தனைக்கும் பிறகு கோட்டுக்குள்ளேயே கூட்டம் மிஞ்சினால், கணினிக் குலுக்கல்.