வலி, வலீ, வாலீ: ஒரு குறில் நெடில் ஆராய்ச்சி

வாலிகண்டபுரத்தில் 'வலி' என்ற பெயருடையவர் எவரேனும் உண்டா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கும் வினா. ஆளைக் கேட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு ஆய்வு எதற்கு?

அரபு வேர் வாவ், லாம், யா. நெருக்கம் என்பது அடிப்பொருள். 'வலீ' என்றால் அணுக்கர், காப்பாளர், இறைநேசர். முதலெழுத்தையும் நீட்டி 'வாலீ' என்றால் ஆளுநர். நிக்காஹ்வில் மணப்பெண்ணுக்குப் பொறுப்பேற்பவரும் வலிதான். பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர். தமிழில் வலி என்றால் வேதனை. இரு மொழிகளும் இங்கே கைகோப்பதைப் பந்தல்காரர் ரசீது (பின்பக்கம், பென்சில் கூட்டல், மூன்றாம் அடித்தல் திருத்தம், டீக்கறைக்கு மேற்கே உள்ள பாடம்) ஐயமற நிறுவுகிறது. வலீமா விருந்தும் இதிலிருந்தே பிறந்தது என்பாரும் உளர். அது வேறு வேர். பிரியாணி வந்ததும் அவர்களே வாதத்தைக் கைவிட்டார்கள்.

இனி ஊர். வாலி வழிபட்டதால் வாலீஸ்வரர், அதனால் வாலிகண்டபுரம் என்பது கோயில் மரபு. கேட்டவுடன் புரிந்துவிடுவதால் ஆய்வுலகம் இதை ஏற்பதற்கில்லை. 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர்கான் லோதி இங்கே இருந்தார். ஆளுநர் என்றால் வாலீ. ஆகவே வாலீயைக் கண்ட புரம்! கோயில் சோழர் காலத்தது, ஆளுநர் பல நூற்றாண்டு பிந்தியவர் என்பது சிறு இடையூறு. அடிக்குறிப்பில் போட்டுவிட்டால் அங்கே யாரும் வருவதில்லை. அவர் பெயரிலோ 'ஷேர்' பாரசீகம், 'கான்' துருக்கியம். 1677இல் சிவாஜி அவரைத் தோற்கடித்துவிட்டதால் நேரில் விசாரித்துத் தெளியவும் வழியில்லை.

1751இல் இங்கே பிரெஞ்சுக்காரர்களோடு மோதிய ஆங்கிலேயர் ஊரை 'வோல்கொண்டா' என்று எழுதினார்கள். விட்டுவிடுவோம்.

எதிரே வருபவன் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும் என்பது இராமாயணச் செய்தி. புராணம் என்று இதை ஒதுக்குகிறார்கள். இப்பெயர்க்காரணத்தோடு மல்லுக்கு நின்ற அறிஞர்களின் கட்டுரைகளைப் படித்தவன் ஒதுக்கமாட்டான். பாதி போயிருப்பது பளிச்சென்று தெரிகிறது.

களப்பணியின்றி முனைவர் பட்டம் கிடையாது என்பதால் ஊருக்கே போனேன். நெடுஞ்சாலையோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தவரிடம், "பெரியவரே, இங்கே வலி உண்டா?" என்று கேட்டேன்.

"எனக்கு முட்டியில தம்பி. உங்களுக்கு?"